நன்றி பேனருக்குப் பின்னால் வரும் தண்ணி லாரி

1

ஜெர்மனிக்கு வந்து இன்றோடு இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை வேறு. தனியாளாக ஒரு கேக்காவது வெட்டுவோம் என்று பேக்கரிக்குக் கிளம்பினேன். போலீஸ் பிடித்துவிட்டது.

குற்றம் இதுதான். பேக்கரி என் கண்ணெதிரே இருந்தது. ஆனால் சட்டப்படி போக வேண்டுமானால் சிக்னல் வரை போய், ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்துச் சைக்கிள் பாதையில் திரும்பி வர வேண்டும். பூந்தமல்லிப் பக்கம் பிறந்து வளர்ந்த எவனாவது இதைச் செய்வானா? எதிர்த்திசையில் சைக்கிளை விட்டேன். ரோட்டில் ஈ, காக்கா இல்லை. இருந்த ஒரே ஜீவன் யூனிஃபார்ம் போட்டிருந்தது.

இரண்டு வருஷமாகக் கற்றுக்கொண்ட ஜெர்மன் மொழியை எடுத்துவிட்டேன். பதற்றத்தில் மரியாதைச் சொல் வாயில் வரவில்லை. "நீ கோபப்படாதே, எனக்குக் கேக் மட்டும்தான் வேணும்" என்கிற தினுசில் ஏதோ வந்தது. நம்மூரில் ஒரு ஏட்டையாவை 'நீ' என்று சொல்லியிருந்தால் அந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். இவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. எந்தச் சந்திலிருந்து வருகிற கார்க்காரர் எந்தப் பக்கம் பார்ப்பார், ஏன் என்னைப் பார்க்க மாட்டார் என்று பொறுமையாக விளக்கினார். அபராதம் வாங்கினார். இந்த நாள் இனிய நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கேக்கோடு வீடு திரும்பி, சோகத்தைக் கொட்ட அம்மாவுக்குப் போன் போட்டேன். ஆறுதல் எதிர்பார்த்தது என் தப்பு.

"ராங் சைடுல போயி மாட்டிகினியா?" என்றாள் அம்மா. "ஒரு வாரமா சைக்கிள வுடு, சைக்கிள வுடுன்னு என் உயிர எடுக்குறியே. இப்போ நீ வுட்டுட்டியா?"

இதுதான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து. அம்மா சைக்கிள் ஓட்டுவதை விட வேண்டுமா, கூடாதா? "அங்கெல்லாம் சைக்கிளுக்குத் தனி ரோடாமே மச்சான், செம்மடா" என்று ஊரிலிருந்து மெசேஜ் போடுகிற நண்பர்களே, தனி ரோட்டைப் பற்றி இன்னொரு நாள் அளக்கிறேன். இன்று உங்கள் ரோட்டைப் பற்றிப் பேசுவோம்.

2

அம்மாவுக்குச் சென்னீர்குப்பத்தில் வீடு, காட்டுப்பாக்கம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. சட்டைக்குக் காலர் தைக்கிற லைன். முன்பு கம்பெனி வேன் வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அது எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது. பாக்கி இருந்தது ஷேர் ஆட்டோ. அது நிறையாமல் கிளம்பாது. நிறைந்தாலும் கிளம்பாது, டிரைவர் சீட்டின் ஓரத்தில் இன்னும் ஓர் ஆள் தொங்க வேண்டும். கம்பெனி கேட்டுக்கு இந்தத் தத்துவமெல்லாம் புரியாது. நேரமானால் சாத்திவிடும். அடிக்கடி லேட்டாக வருகிறவர்களை அப்படியே நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவிடும்.

அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அன்று முதல் அம்மாவின் கால் தையல் மெஷினில்தான் இருக்கிறது. நான் வெளிநாடு வந்ததும் பெரிய மனுஷன் தோரணையில் வேலையை விடச் சொன்னேன். நீ அனுப்புகிற பணம் உன் அன்பு, நான் சம்பாதிப்பது என் சோறு, இரண்டையும் குழப்பாதே என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் ஒரு சைக்கிள் கிடந்தது. அக்கா பிளஸ் ஒன் படித்தபோது ஸ்கூலில் இலவசமாகக் கொடுத்தது. அவள் கல்யாணமாகித் திருநின்றவூர் போனபோது பீரோ, கட்டில், மிக்சி எல்லாம் வண்டியேறிப் போயின. சைக்கிளை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் பெருந்தன்மையாக எங்களிடமே விட்டுவிட்டார்கள். அதை எடுத்து டியூப் மாற்றி, நாற்பத்தாறு வயதில் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

கற்றுக்கொண்ட இடம் லே-அவுட். எங்கள் பக்கம் வீடே இல்லாத இடத்தில்தான் அருமையான ரோடு இருக்கும், மனை விற்பதற்காகப் போட்டது. வீடுகள் வந்ததும் ரோடு காணாமல் போய்விடும். கல் நட்ட மனைகளுக்கு நடுவே அம்மா ஒரு மாதம் விழுந்து எழுந்தாள். அவளைப் பார்த்து அதே லைனில் வேலை செய்கிற கோமளா அக்காவும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்துகொண்டார்கள். காலையில் ஐந்து சைக்கிள்கள் வரிசையாகப் போகும். பின்னால் வருகிற பஸ்காரன் அடிக்கிற ஹாரனில் அவர்கள் வம்சத்தையே விசாரிப்பான். அவர்களும் திரும்பிப் பார்க்காமலே அவன் வம்சத்தை விசாரிப்பார்கள். எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

3

பிறகு மீடியனை அடைத்தார்கள்.

மெயின் ரோட்டின் நடுவே, ஜனங்கள் கடந்து போக ஓர் இடைவெளி இருந்தது. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் அங்கே சிமெண்ட் கட்டைகள் உட்கார்ந்திருந்தன. வைத்தது யார் என்று கேட்டால் இவர் அவரைக் காட்டுகிறார், அவர் மேலே காட்டுகிறார். ஆண்டவனே வந்து அடைத்துவிட்டுப் போனதாகத்தான் கணக்கு. அடுத்த யு-டர்ன் எங்கேயோ இருந்தது. சைக்கிளில் அங்கே போய்த் திரும்பி வருவதற்குள் கம்பெனி கேட் சாத்தி, பூட்டி, பூட்டுக்குப் பூ வைத்துவிடுவார்கள். எனவே ஐந்து பேரும் ஊர் வழக்கப்படி எதிர்த்திசையில் போனார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நான் நிபுணன் ஆனேன். சைக்கிள் பாதை உள்ள ஊரில் கொஞ்ச நாள் மூச்சு விட்டாலே அந்த வியாதி வந்துவிடுகிறது. போனில் அம்மாவுக்கு ரோடு பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். இங்கிருந்து ஒரு ஹெல்மெட் அனுப்பினேன். ஃபாரின் ஐட்டம் அழுக்காகிவிடும் என்று அதைக் கவரோடு ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். இருட்டில் மின்னுகிற மஞ்சள் சட்டை ஒன்றும் அனுப்பினேன். அதை மட்டும் போட்டுக்கொண்டு போனாள். மெட்ரோ வேலைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு லாரிக்காரர் நிறுத்தி, டைவர்ஷன் எந்தப் பக்கம் அக்கா என்று கேட்டாராம். அம்மாவும் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள். லாரி சொன்ன பக்கம் போயிருக்கிறது. "என் பேச்ச கேக்கறதுக்கு ஒரு லாரிக்காரனாச்சும் கீறானே" என்று எனக்கு ஒரு குத்து வேறு.

4

மீடியனைத் திறக்கப் போராட்டம் தொடங்கியது. போராட்டம் என்றால், என் காலேஜ் தோஸ்த் தினேஷ் தொடங்கினான் என்று அர்த்தம்.

தினேஷ் ஐ.டி.யில் இருக்கிறான். அடுக்குமாடி ஆட்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் கிளப் நடத்துகிறான். ஞாயிறு விடியற்காலை உடம்போடு ஒட்டிய டிரெஸ் போட்டுக்கொண்டு, திருமழிசை தாண்டிப் போய் இட்லி சாப்பிட்டு, அதைப் படமெடுத்துப் போட்டு, திரும்பி வருவார்கள். நானும் அந்த இட்லியைச் சாப்பிட்டவன்தான், அதனால் ரொம்ப நக்கலடிக்க முடியவில்லை. கொஞ்சமாக அடிக்கிறேன்.

கிளப் சார்பில் மகளிர் மிதிவண்டிப் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பேரணி ஒன்று நடந்தது. சம்பந்தப்பட்ட மகளிர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் துணி துவைக்கிற நாள். வந்தவர்களில் பாதிப் பேர் சைக்கிளைக் கார் மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஏன்டா இப்படி என்று தினேஷிடம் கேட்டேன். "ரோடு சேஃப் இல்ல மச்சான். இவ்ளோ வெல குடுத்து வாங்குன வண்டிய அதுல எப்புட்ரா ஓட்டிகினு வர்றது?" என்றான். பேரணியின் கோரிக்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

என் பங்குக்கு இங்கிருந்து ஒரு மனு எழுதி அனுப்பினேன். இங்கிலீஷில். ஐரோப்பிய நகரங்கள் எப்படியெல்லாம் ரோட்டைக் கடக்கின்றன என்று கலர் கலராகப் படம் வைத்திருந்தேன். தினேஷ் அதைக் கொண்டுபோய் ஓர் அலுவலகத்தில் கொடுத்தான். அங்கிருந்தவர் மரியாதையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, என்ன வேண்டும் என்று இதில் எங்கேயும் எழுதவில்லையே என்றாராம். திரும்பப் படித்துப் பார்த்தேன். ஆமாம், மீடியனைத் திறங்கள் என்கிற வாக்கியத்தைத் தவிர மற்றதெல்லாம் எழுதியிருந்தேன்.

காரியத்தை முடித்தது பாபு அண்ணாத்தே. எங்கள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறவர். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் நிற்க வேண்டும் என்று ஆசை. அம்மாவும் கோமளா அக்காவும் அவர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் யாருக்கோ போன் போட்டார், அந்த யாரோ இன்னொரு யாருக்கோ போட்டார். ஒரு வாரத்தில் கிரேன் வந்து இரண்டு கட்டைகளைத் தூக்கிப் போட்டது. சைக்கிளும் ஆளும் போகிற அளவுக்கு வழி திறந்தது. ஷேர் ஆட்டோ ஒன்று அதில் நுழைந்து பார்த்து மாட்டிக்கொண்டது. அது வேறு கதை.

5

திறந்த மறுநாளே பேனர் வந்தது. எங்கள் பக்கம் நன்றியை மனசில் வைத்துக்கொள்கிற பழக்கம் கிடையாது. கட்டைகட்டித் தூக்கி நிறுத்திவிடுவோம்.

மேலே மேகத்துக்கு நடுவே தலைவர்கள். நடுவில் கூலிங் கிளாசோடு பாபு அண்ணாத்தே, ரேஸ் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தார். தலை அவருடையது, உடம்பு யாரோ வெள்ளைக்காரனுடையது. 'மகளிர் மிதிவண்டி செல்ல மீடியன் திறந்து தந்த தங்கங்களே, நன்றி, நன்றி, நன்றி.' அடியில் ஒரே வரிசையாக ஐந்து பெண்களின் முகங்கள், பெயரோடு. இரண்டாவதாக என் அம்மா மல்லிகா. அக்கா கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது, தோள்மேல் யாருடைய கையோ மட்டும் தனியாகக் கிடந்தது.

அம்மா அதன் பக்கத்தில் சைக்கிளோடு நின்று கோமளா அக்காவைப் படம் எடுக்கச் சொல்லி, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினாள். எனக்கும் வந்தது, போனும் வந்தது.

"நம்ம பக்கம் பொம்பளைங்க மூஞ்சி பேனர்ல வரணும்னா ஒண்ணு வயசுக்கு வரணும், இல்ல செத்துப் போவணும்" என்றாள். "நான் ரெண்டும் இல்லாம வந்துட்டேன், பாத்தியா."

இவ்வளவு சந்தோஷமான குரலை அவளிடம் நான் ரொம்ப நாளாகக் கேட்டதில்லை. நானும் படத்தைப் பெருமையாக ஊரெல்லாம் அனுப்பினேன். கீழ்வீட்டுத் தமிழ்க் குடும்பத்துக்கும் காட்டினேன். அவர்கள் மகள் யாழினிக்கு ஒன்பது வயது. வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஸ்கூலில் போலீசே வந்து வைத்த சைக்கிள் பரீட்சையில் பாஸானவள். நான் கை காட்டாமல் திரும்பினால் ஜன்னலிலிருந்தே கண்டிப்பாள். பேனரைப் பார்த்தாள். அதை ஒட்டி, மீடியன் வழியில் சைக்கிளோடு நிற்கிற அம்மாவைப் பார்த்தாள்.

"மாமா, பாட்டிக்கு அந்தப் பக்கம் வண்டி வருதான்னு எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால்தான் பேனரில் எழுதியிருந்தது எதுவும் அவளை ஏமாற்றவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேனர் மீடியன்மேல், வழியை ஒட்டியே நின்றது. அடிப்பக்கம் கிட்டத்தட்ட தரையைத் தொட்டது. பாதி ரோட்டைக் கடந்து நடுவில் நிற்கிறவர்களுக்கு, அடுத்த பாதியில் வருகிற வண்டியை மறைக்கிற சுவர் அது. எட்டிப் பார்க்கலாம். ஆனால் சைக்கிளில், கண் எட்டிப் பார்ப்பதற்குள் முன்சக்கரம் ரோட்டுக்குப் போய்விடுமே. பாதுகாப்பாகக் கடக்க வழி திறந்ததற்காக நன்றி சொல்லி, அந்த வழியையே குருடாக்கி வைத்திருந்தார்கள். இதற்கும் யாராவது ஒருத்தர் நன்றி பேனர் வைக்கலாம்.

6

அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றாள். அம்மாவின் 'ஒண்ணுமில்ல'வுக்கு எடை உண்டு, இது கனமாக இருந்தது. திருப்பித் திருப்பிக் கேட்டதில் வந்தது. இரண்டு நாள் முன்னால் தண்ணி லாரி ஒன்று பேனருக்குப் பின்னாலிருந்து வந்திருக்கிறது. முன்சக்கரம் ரோட்டில் இருந்திருக்கிறது. அம்மா பின்னால் இழுத்திருக்கிறாள். லாரி முன் மட்கார்டை மட்டும் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் பேனர் படம் அனுப்பியவள், இதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அன்றிலிருந்துதான் சைக்கிளை விடு என்று ஆரம்பித்தேன். விட்டால் எதில் போவது என்று கேட்டாள். வேலையை விடு என்றேன். போனை வைத்துவிட்டாள். மறுநாளும் இதே, அதற்கடுத்த நாளும் இதே.

இடையில் நிபுணன் சும்மா இருக்கவில்லை. இங்கே பழகிய புத்தியில் நம்மூர்ப் புகார்களுக்கான ஓர் ஆப்பில் அந்தப் பேனரைப் பற்றிப் புகார் போட்டேன். சீக்கிரமே பதில் வந்தது, பேனர் அகற்றப்பட்டது, படம் இணைக்கப்பட்டுள்ளது என்று. படத்தில் வேறு ஏதோ தெருவில், யாருடையதோ காதுகுத்து பேனரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை என்னை மன்னிக்கட்டும்.

தினேஷைப் போய்க் கழற்றச் சொன்னேன். அவனுக்கு வியர்த்துவிட்டது. தலைவர் படம் போட்ட பேனரில் கை வைக்கிறதுக்கு நான் அந்த லாரி முன்னாடியே விழுந்துடலாம் மச்சான் என்றான். உண்மைதான். எங்கள் பக்கம் பேனரை யாரும் இறக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய பேனர் வந்து மறைக்கும், அல்லது வெயில் தின்று முடிக்கும். அதுவரை அந்த ஐந்து பேர் எதிரே வருவது தெரியாமல் கடக்க வேண்டும்.

7

இன்று காலை, போலீசில் மாட்டியதைச் சொன்ன அதே போனில், அம்மா என்னைத் திட்டி முடித்துவிட்டுச் சொன்னாள், பாபுவை மீடியனுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், நீயும் கூட வா என்று. வீடியோவைப் போட்டு என்னைச் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். குலுங்கிக் குலுங்கி வானமும் அம்மாவின் தாடையும் தெரிந்தன. அபராதம் கட்டி வாங்கிய கேக் என் முன்னால் பிரிக்காமல் கிடந்தது.

ஞாயிறு என்பதால் ரோடு கொஞ்சம் அடங்கியிருந்தது. பாபு அண்ணாத்தே பைக்கில் வந்து இறங்கினார். கோமளா அக்கா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இப்டி கேட்டுட்ட? தலைவர் மூஞ்சி கீதுக்கா அதுல" என்றார் பாபு. "அத நான் இறக்குனா, எங்க ஆளுங்களே நாளைக்கு என்னை இறக்கிடுவாங்க."

"இறக்க வாணாம் பாபு. தூக்கிக் கட்டு. கீழ ரோடு தெரியட்டும்."

அவர் கட்டையைத் தட்டிக் காட்டினார். ரோடு தெரிகிற அளவுக்குத் தூக்க உயரம் இல்லை. நீளமான சவுக்குக் கட்டை நட்டால் காற்றில் சாயும், சாய்ந்து எவன் மேலாவது விழுந்தால் நான்தான் உள்ளே போக வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அம்மா பேனரை மேலிருந்து கீழே பார்த்தாள். எனக்குக் கூடையிலிருந்து அவள் முகமும், அதற்குப் பின்னால் ஃப்ளெக்ஸில் சிரிக்கிற அவள் முகமும் ஒன்றாகத் தெரிந்தன.

"அப்போ கீழ கீறத வெட்டிடு."

"கீழ நீங்கதானேக்கா கீறீங்க."

"தெரியுது. வெட்டு."

பாபுவுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. அவர் நன்றியோடு போட்டது அது. உங்களுக்காகத்தானேக்கா போட்டேன் என்று இழுத்தார். கோமளா அக்காவுக்கும் மனசில்லை.

"நாளன்னிக்கு என் நாத்தனா வராடி மல்லிகா. அவ ஒருதபா பாத்துட்டு போட்டும். அதுவரைக்கும் வுடேன்."

"உன் நாத்தனா வர்றப்போ நீ இருக்கணும்ல" என்றாள் அம்மா.

கோமளா அக்கா தன் படத்தின் அருகே போய், அதன்மேல் தெறித்திருந்த சேற்றை முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். பிறகு பேனரின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா இந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள். பாபு பிளேடை எடுத்து, தன்னுடைய வெள்ளைக்கார ஷூவுக்குக் கீழே வைத்து இழுத்தார். ஐந்து முகங்களும் ஒரே பட்டையாகக் கழன்று விழுந்தன. மீதியை மேலே தள்ளி, இழுத்துக் கட்டினார். தலைவர்கள் இன்னும் கொஞ்சம் மேகத்துக்குள் போனார்கள்.

அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வழியில் போய் நின்றாள். கூடையில் நான். பேனருக்கு அடியில் ரோடு தெரிந்தது. தூரத்தில் ஒரு தண்ணி லாரி வந்துகொண்டிருந்தது. முதலில் டயர், பிறகு பம்பர், பிறகு அதில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது. அம்மா நின்றாள். லாரி போனது. அம்மா கடந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே போனைக் கையில் எடுத்தாள்.

"இன்னா நைனா, இப்பவும் சைக்கிள வுடணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் போனைத் திருப்பிப் பேனரைக் காட்டினாள். நன்றி மூன்றும் அப்படியே இருந்தன. தலைவர்கள் இருந்தார்கள். பாபு அண்ணாத்தே வெள்ளைக்கார உடம்போடு பறந்துகொண்டிருந்தார். மகளிர் மிதிவண்டிக்காக வைத்த அந்தப் பேனரில் இப்போது மிதிவண்டி ஓட்டுகிற மகளிர் ஒருத்தர்கூட இல்லை. அவர்கள் அதற்குக் கீழே, ரோட்டில் இருந்தார்கள்.